பொது அழைப்பும் ஓவியர் கூலியும்

பத்து ரூபாய்த் தாள் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், எண்ணுக்கு முன்னே சிறு குறியொன்று நிற்பதைக் காணலாம். தேவநாகரி ‘ர’வும், செங்குத்துக் கோட்டை இழந்த உரோமானிய ‘ஆர்’ எழுத்தும் ஒன்றாகக் கலந்து, தலையில் இரு கிடைக்கோடுகளைச் சுமந்து நிற்கும் குறி அது. நாள்தோறும் நம் கையில் வந்துபோகும் இக்குறி எங்கிருந்து வந்தது என்று இரண்டாமாண்டு வகுப்பில் ஒருமுறை வினவினோம். ‘அரசாங்கம் வெளியிட்டது, ஐயா’ என்ற விடையே எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. வெளியிட்டது அரசாங்கந்தான், வரைந்தது அரசாங்கமன்று.

2009 மார்ச்சுத் திங்களில் நடுவண் நிதியமைச்சகம் நாட்டு மக்களுக்குப் பொது அழைப்பு ஒன்றை விடுத்தது. இந்திய ரூபாய்க்குத் தனிக் குறியீடு வேண்டும். அது நம் நாட்டின் மரபையும் பண்பாட்டையும் காட்டவேண்டும். கணிப்பொறி விசைப்பலகையில் அடங்கவேண்டும். வரையத் தெரிந்த குடிமக்கள் வரைந்தனுப்பலாம் என்பது அவ்வறிவிப்பின் சாரம். 3,331 வடிவங்கள் வந்து குவிந்தன. அவற்றுள் ஐந்து இறுதிச் சுற்றை அடைந்தன. அவ்வைவருக்கும் தலா 25,000 ரூபாய், வென்றவருக்கு இரண்டரை இலட்சம் என்பது ஏற்பாடு. 2010 சூலை 15ஆம் நாள் அமைச்சரவை ஏற்றுக்கொண்ட வடிவம், தமிழ்நாட்டைச் சேர்ந்த த. உதயகுமார் அவர்கள் வரைந்தது. பம்பாய் ஐ.ஐ.டி.யில் தமிழ் அச்செழுத்தின் வடிவமைப்பைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டவர் அவர். அதே ஆண்டு அக்டோபரில் வெளிவந்த ஒருங்குறியின் ஆறாம் பதிப்பு அக்குறிக்கு இடமளித்தது. மறு ஆண்டில் அது நாணயங்களில் ஏறியது. பின்னர்த் தாள்களிலும் அமர்ந்தது.

தமிழ்த்துறையினராகிய நமக்கு இதில் பெருமிதம் உண்டு. தமிழெழுத்தின் வளைவுகளில் தோய்ந்த ஒரு கை நாட்டின் பணத்துக்கே முகமெழுதியது என்பதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் நம் குரல் சற்று உயர்வதை நாமே உணர்ந்திருக்கிறோம். ஆயினும் மகிழ்ச்சி அடங்கியபின், மனம் வேறொரு கணக்கில் சென்று நின்றது. எஞ்சிய 3,330 வடிவங்களும் என்னவாயின? அவற்றை வரைந்தவர்கள் எத்தனை இரவுகள் கண்விழித்தனர்? இறுதிச் சுற்றுக்கு வந்த நால்வரின் உழைப்புக்கேனும் ஒரு விலை கிடைத்தது. மற்றையோர் உழைப்பு எந்தக் கணக்கில் சேரும்? இக்கட்டுரை அந்த வினாவிலிருந்தே தொடங்குகிறது.

ஒரு வேலையை ஒருவரிடம் ஒப்படைக்காமல் ஊருக்கே திறந்துவிட்டு, வந்தவற்றுள் ஒன்றைத் தெரிந்துகொள்ளும் இம்முறையைக் ‘கிரவுட்சோர்சிங்’ என்ற பெயரின்கீழ் இன்று அடக்குகின்றனர். ‘வயர்டு’ என்னும் அமெரிக்க இதழில் 2006இல் ஜெஃப் ஹௌ என்பார் எழுதிய கட்டுரை இச்சொல்லை உலவவிட்டது. நாம் இதனைப் பொது அழைப்பு என்றே சொல்லிச் செல்வோம். பெயர்தான் புதியது, செயல் பழையது.

1901இல் ஆஸ்திரேலியக் குடியேற்றங்கள் ஒன்றாக இணைந்தபோது, புதிய நாட்டுக்குக் கொடி வேண்டுமென்று பொது அழைப்பு விடுக்கப்பட்டது. வந்தவை 32,823 வடிவங்கள். கணிப்பொறியும் மின்னஞ்சலும் இல்லாத காலத்தில், தாளில் வரைந்து அஞ்சலில் அனுப்பப்பட்டவை இவை! ஏறத்தாழ ஒரே வடிவத்தை அனுப்பியிருந்த ஐவர் 200 பவுன் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அவர்களுள் ஒருவர் பதினான்கு வயதுப் பள்ளிச் சிறுவர். தெரிந்த ஓவியரை மட்டும் அழைத்து வேலையை ஒப்படைத்திருந்தால், அச்சிறுவரின் வீட்டுக் கதவை எந்த அலுவலர் சென்று தட்டியிருப்பார்?

இன்னொன்றும் உண்டு. குப்பைத் தொட்டிகளிலும் அட்டைப் பெட்டிகளிலும் ஒன்றையொன்று துரத்தும் மூன்று அம்புகளை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். பயன்படுத்திய பொருளை மீண்டும் பயன்கொள்க என்று அறிவிக்கும் அச்சின்னம், அமெரிக்க அட்டைப்பெட்டி நிறுவனம் ஒன்று 1970இல் மாணவர்க்கு வைத்த போட்டியில் பிறந்தது. வரைந்தவர் கேரி ஆண்டர்சன். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த இருபத்துமூன்று வயது மாணவர். இன்று அச்சின்னம் எந்த ஒரு நிறுவனத்துக்கும் உரியதன்று, உலகுக்கே பொதுவாகிவிட்டது.

பொது அழைப்பின் தலையாய நன்மை இதுதான். அது வரைந்தவரின் ஊரைக் கேட்பதில்லை. தந்தை பெயரைக் கேட்பதில்லை. யார் சொல்லி வந்தாய் என்று கேட்பதில்லை. நம் கல்லூரி மாணவருட் பலர் தத்தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியை மிதித்தவர்கள். சென்னையிலோ மும்பையிலோ விளம்பர நிறுவனத்தில் ஒரு மாமாவோ மச்சானோ அவர்களுக்கு இல்லை. அத்தகையோர்க்குத் திறந்த வாயில் ஒன்று இருக்கிறதென்றால் அதனை எளிதாக மூடிவிட நமக்கு மனம் வரவில்லை. இவ்வாயிலை அறவே மூடவேண்டும் என்று பேசுவோரைக் காணுந்தோறும், இவர்களுக்குப் பின்வாயில் ஒன்று முன்னமே திறந்திருக்கும் போலும் என்று எண்ணத் தோன்றுகிறது.

எனினும் நம்மை உறுத்திய நிகழ்ச்சி, நம் துறையிலேயே நடந்தது. மாணவர் ஒருவர், பெயர் வேண்டா. அவர் தந்தையார் கடைப்பலகை எழுதுபவர். தேர்தல் காலத்தில் சுவர் எழுத்து, மற்றைக் காலத்தில் மளிகைக் கடை, தையற்கடை, பள்ளிவாசல் அறிவிப்புப் பலகை என்று ஊர் முழுவதும் அவர் கையெழுத்தே காணப்படும். ஃபிளெக்ஸ் பதாகை வந்தபின் அத்தொழில் தேய்ந்தது. தந்தையின் தூரிகை ஓய்ந்த வீட்டில், மகன் கைப்பேசித் திரையில் விரலால் வரையக் கற்றுக்கொண்டார்.

இணையத்தில் இலச்சினைப் போட்டிகளை நடத்துவதற்கென்றே தளங்கள் பல இருக்கின்றன. 2008இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் தொடங்கிய ‘99டிசைன்ஸ்’ அவற்றுள் பெயர்பெற்றது. இத்தகைய தளங்களின் பொதுவான முறை எளியது. கடை வைத்திருப்பவர் ஒருவர், தமக்கு இன்ன சின்னம் வேண்டும், இவ்வளவு பரிசு என்று அறிவிப்பார். உலகின் பல மூலைகளிலிருந்தும் வடிவங்கள் வரும். அவர் பார்த்துக் கருத்துச் சொல்வார், வரைந்தவர்கள் திருத்துவார்கள், இறுதியில் ஒன்றை எடுத்துக்கொள்வார். ஒருவருக்குப் பரிசு; தளத்துக்குப் பங்கு; ஏனையோருக்கு அனுபவம்.

நம் மாணவர் இத்தகைய சிறு தளங்கள் சிலவற்றில் ஒன்றரை ஆண்டுகளில் 61 வடிவங்களை அனுப்பினார். கோடுபோட்ட குறிப்பேடு ஒன்றில் நாள், வேலை, முடிவு ஆகியவற்றை முறையாக எழுதிவைத்திருந்தார். வென்றவை இரண்டு. முதல் பரிசு வந்த நாளில் துறை முழுவதற்கும் சமோசா வாங்கிவந்தார். அன்று அவர் முகத்தில் இருந்த ஒளியை நாம் மறக்கவில்லை. ஆனால் அக்குறிப்பேட்டின் ஒரு பக்கத்தை மட்டும் அவர் வேகமாகப் புரட்டிவிட முயன்றார். வெளிநாட்டு இனிப்புக்கடை ஒன்றுக்கு வரைந்த சின்னம் அது. எழுத்து பெரிதாகட்டும், நிறம் மாறட்டும், பழைய நிறமே நன்று என்று ஏழு முறை திருத்தம் கேட்டிருக்கிறார் அழைத்தவர். ஏழு முறையும் திருத்தி அனுப்பியிருக்கிறார் இவர். எட்டாவது நாள், வெற்றியாளர் எவரும் இல்லை என்ற ஒற்றை வரியோடு போட்டி முடிக்கப்பட்டுவிட்டது. ஏன் என்று கேட்க முகவரியும் இல்லை; கேட்டால் விடை சொல்லவேண்டிய கடமையும் அவருக்கு இல்லை.

பெற்றோர் ஆசிரியர் கூட்டத்துக்கு அவர் தந்தையார் வந்திருந்தார். மகன் இரவெல்லாம் விழித்திருப்பதைச் சொல்லி வருந்தினார். “முப்பது வருசமா பலகை எழுதுறேங்கய்யா. அச்சாரம் வாங்காம பெயிண்ட் டப்பாவைத் திறந்ததில்ல. பத்துப் பேரை எழுதச் சொல்லிட்டு ஒருத்தனுக்கு மட்டும் காசு குடுத்த கடைக்காரரை நான் பார்த்ததுமில்ல” என்றார். அருகில் நின்ற மகன், “இல்லத்தா, எழுதிப் பழகுற மாதிரிதான் இது” என்று தாழ்ந்த குரலில் சொன்னார். “பழகுறதுக்கு நம்ம வீட்டுச் சுவரு போதாதா?” என்றார் தந்தையார்.

இருவர் பக்கமும் நியாயம் உண்டென்றே நமக்குப் பட்டது. குறிப்பேட்டின் முதல் வடிவத்தையும் அறுபத்தோராவது வடிவத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். முதலாவதில் எழுத்துகள் கூட்ட நெரிசலில் சிக்கியவர்போல் நின்றன. கடைசியில் அவை தத்தம் இடமறிந்து அமர்ந்திருந்தன. எந்த வகுப்பும் அவருக்கு இதைக் கற்பிக்கவில்லை. ஆனால் அந்தப் பயிற்சிக்கு அவர் கொடுத்த விலை பெரிது. தம் விலையைத் தாமே சொல்லும் பழக்கத்தை அவர் இழந்துகொண்டிருந்தார். அவர் தந்தையார் கடைக்காரரைப் பார்த்து, இவ்வளவு ஆகும் என்று நிமிர்ந்து சொல்வார். மகனோ, பிறர் வைத்த பரிசுக்கு முன்னே வரிசையில் நிற்கப் பழகிவிட்டார். அமெரிக்க வடிவமைப்பாளர் அமைப்பாகிய ஏ.ஐ.ஜி.ஏ. போன்றவை, கூலி உறுதியில்லாமல் முன்கூட்டியே வரைந்துகொடுக்கும் வேலையை நெடுங்காலமாகவே எதிர்த்து வந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்திருப்பதை நம் மேடைகளில் கேளாதவர் இலர். ஆனால் போட்டியில் கலந்துகொண்டவர் கேட்பது கூலியா, பரிசா? இவ்வையத்தை அரபுத்துறை நண்பரிடம் வைத்தோம். அவர் பொறுமையோடு விளக்கினார். மார்க்கச் சட்டத்தில் இருவகை உடன்பாடுகள் உண்டாம். ஒன்று ‘இஜாரா’. வேலையும் கூலியும் இருவருக்கும் முன்னரே தெரிந்திருக்கவேண்டும். வேலையை முடித்தால் கூலி கடன். மற்றொன்று ‘ஜுஆலா’. இன்ன பொருளைக் கொண்டுவருபவருக்கு இன்ன வெகுமதி என்று பொதுவில் அறிவிப்பது. கொண்டுவந்தவருக்கே அது உரியது. யூசுப் (அலை) அவர்களின் வரலாற்றில், அரசரின் அளவைக் குவளை காணாமற்போனபோது அதைக் கொண்டுவருபவருக்கு ஓர் ஒட்டகச் சுமைத் தானியம் தரப்படும் என்று அறிவிக்கப்பட்டதைச் சான்றாகக் காட்டினார். ஷாபிஈ, மாலிகீ, ஹன்பலீ அறிஞர்கள் இம்முறையை ஏற்கின்றனர். ஹனபீ அறிஞர்கள் மிகக் குறுகிய எல்லைக்குள்ளேதான் அனுமதிக்கின்றனர் என்றும் சொன்னார். அங்கிருந்த ஆசிரியருள் ஷாபிஈகளும் ஹனபீகளும் இருந்தமையால், சிறிது நேரம் இலச்சினையை மறந்து வேறு உரையாடல் களைகட்டியது.

பொது அழைப்பு ஜுஆலாவின் சாயலுடையது என்பது விளங்கிற்று. எனினும் ஒரு வேறுபாடு நம் மனத்தை விட்டகலவில்லை. காணாமற்போன ஒட்டகத்தைத் தேடிப் பத்துப் பேர் பாலையில் அலைகின்றனர் என்று கொள்வோம். ஒருவர் கையில் அது அகப்படும்; ஒன்பதின்மர் வெறுங்கையோடு திரும்புவர். அவ்வொன்பதின்மர் அலைச்சலால் ஒட்டகக்காரருக்கு ஊதியம் ஒன்றுமில்லை. இலச்சினைப் போட்டியிலோ பத்துப் பேரும் பத்து ஒட்டகங்களைக் கொண்டுவந்து முற்றத்தில் கட்டுகின்றனர். அழைத்தவர் பத்தையும் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார். இதன் நடை வேண்டும், அதன் உயரம் வேண்டா என்று தம் விருப்பத்தைத் தாமே தெளிந்துகொள்கிறார். அதன்பின் ஒன்றுக்கு விலை கொடுத்து, மற்றவற்றை ஓட்டிக்கொண்டு போகச் சொல்கிறார். தோற்ற ஒன்பதும் அவருக்குப் பயன்பட்டே இருக்கின்றன. தெரிவு செய்யும் அறிவை அவருக்கு அவைதாம் கொடுத்தன. அந்தப் பயனுக்கு யார் விலை தருவது? இன்னும் சில போட்டிகளில், தோற்ற ஒட்டகங்களையும் திருப்பித் தருவதில்லை. அனுப்பிய வடிவங்கள் யாவும் எமக்கே உரியன என்னும் விதியை, ஒருவரும் படியாத நீண்ட நிபந்தனைகளின் நடுவே எழுதிவைத்துவிடுகின்றனர்.

நுழைவுக் கட்டணம் பற்றியும் நண்பர் எச்சரித்தார். பங்குகொள்வோர் செலுத்தும் பணத்திலிருந்தே வென்றவருக்குப் பரிசு போகுமாயின், அது சூதின் வாயிலில் சென்று நிற்கும் என்றார். இவற்றையெல்லாம் மார்க்கத் தீர்ப்பாக எவரும் கொள்ளவேண்டா. தீர்ப்புக்கு உலமாப் பெருமக்கள் இருக்கின்றனர். இது தமிழாசிரியர் சிலர் தேநீர் வேளையில் எண்ணிப்பார்த்ததே.

தோற்ற வடிவமும், ஏன், வென்றும் கைவிடப்பட்ட வடிவமும்கூட வரைந்தவரிடமே இருப்பது எத்துணை இன்றியமையாதது என்பதற்குத் துருக்கியக் கட்டடக் கலைஞர் வேதாத் தாலோகாய் அவர்களின் வரலாறு தக்க சான்று. அங்காரா நகரில் கோஜாதெப்பே என்னுமிடத்தில் பெரிய பள்ளிவாசல் எழுப்பக் கருதி 1957இல் போட்டி நடத்தினர். தாலோகாயும் அவருடைய துணைவர் ஒருவரும் சேர்ந்து வரைந்த வடிவம் வென்றது. மெல்லிய கற்காரை ஓடு போன்ற குவிமாடமும் நான்கு மூலைகளில் கூரிய மினாராக்களும் கொண்ட புதுமையான வடிவம் அது. அடித்தளமும் எழும்பியது. ஆனால் உதுமானிய மரபுக்கு மாறானது என்ற எதிர்ப்பு வலுக்கவே வேலை நிறுத்தப்பட்டு, எழுந்த அடித்தளமும் தகர்க்கப்பட்டது. வேறு கலைஞர்கள் பழைய பாணியில் வரைந்த பள்ளிவாசல் அங்கே கட்டப்பெற்று 1987இல் திறக்கப்பட்டது.

இதற்கிடையே 1969இல் பாகித்தானத்தில் மற்றொரு போட்டி. புதிய தலைநகராகிய இஸ்லாமாபாத்தில், மார்கல்லா மலையடியில், சவூதி மன்னர் பைசல் அவர்களின் கொடையால் எழவிருந்த பெரும் பள்ளிவாசலுக்கான போட்டி அது. 17 நாடுகளிலிருந்து 43 வடிவங்கள் வந்தன. வென்றவர் மீண்டும் தாலோகாய். குவிமாடமே இல்லாமல், பாலைவனத்து அரபியரின் கூடாரம்போல் மடிந்திறங்கும் கூரை. அதைச் சுற்றி நான்கு மெல்லிய மினாராக்கள். அங்காராவில் மண்ணோடு மண்ணாக்கப்பட்ட கருத்தின் சாயல் இதில் வளர்ந்து உருமாறி நிற்பதைக் கட்டடக்கலை அறிந்தோர் சுட்டுவர். குவிமாடமில்லாத பள்ளிவாசலா என்று அங்கும் முதலில் முணுமுணுத்தோர் உண்டு. 1976இல் தொடங்கிய வேலை 1986இல் நிறைவுற்றது. பைசல் பள்ளிவாசலின் படத்தை நம் வீடுகளின் நாட்காட்டிகளில் காணும்போதெல்லாம் நாம் எண்ணுவதுண்டு: அங்காராப் போட்டியின் விதிகளில், ‘இக்கருத்து இனி உம்முடையதன்று’ என்று ஒரு வரி இருந்திருந்தால், அக்கூடாரம் எங்கே எழுந்திருக்கும்?

இவ்வளவும் சொன்னதால், பொது அழைப்பைத் தவிர்த்துத் தேர்ந்த சிலரிடம் மட்டும் வேலையைக் கொடுத்தால் குற்றம் நேராது என்று எவரும் கருதிவிடலாகாது. 2020ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கின் சின்னத்துக்கு, முன்னமே பரிசுகள் பெற்ற வடிவமைப்பாளரை மட்டும் அழைத்துப் போட்டி வைத்தனர், வந்தவை 104. தெரிவு செய்து வெளியிட்ட சின்னம், பெல்ஜியத்து நாடக அரங்கொன்றின் சின்னத்தை ஒத்திருப்பதாக வழக்கு எழுந்து, 2015 செப்டம்பரில் திரும்பப் பெறப்பட்டது. அதன்பின் கதவை எல்லோருக்கும் திறந்தனர். 14,599 வடிவங்கள் வந்தன. நீலச் சதுரக்கட்டங்களால் ஆன புதிய சின்னம் 2016இல் தெரிவாயிற்று. நம் ரூபாய்க் குறிக்கும் வழக்குமன்ற அனுபவம் உண்டு. தெரிவு முறை வெளிப்படையாக இல்லை என்று தில்லி உயர்நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட வழக்கு 2010இல் தள்ளுபடி செய்யப்பட்டது. கதவு திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும், உள்ளே அமர்ந்து தெரிவு செய்பவர் யார், எந்த அளவுகோலால் அளக்கிறார் என்பது மக்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

அழைப்பவர் பக்கத்தையும் பார்ப்போம். நம் ஊர்க் கடைத்தெருவில் புதிதாக அத்தர்க் கடை வைப்பவருக்குப் பெருநகர விளம்பர நிறுவனத்தை அணுகும் வசதி ஏது? சிறு தொகையைப் பரிசாக வைத்து ஐம்பது வடிவங்களைப் பார்க்க முடிகிறதென்றால் அவருக்கு அது வரமே. ஆனால் அவ்வைம்பது பேருள் எவரும் கடைக்குள் வந்து அத்தரை முகர்ந்து பார்த்தவரல்லர். நம் மாணவரின் தந்தையார் பலகை எழுதுமுன் கடை வாசலில் அரைமணி நேரம் அமர்ந்திருப்பாராம். எந்தப் பக்கம் வெயில் விழுகிறது, பேருந்திலிருந்து இறங்குபவர் கண் முதலில் எங்கே செல்லும், முதலாளி தம் பெயரைச் சொல்லும்போது எந்த எழுத்தை அழுத்துகிறார் என்றெல்லாம் பார்த்தபின்னரே அளவுகோலை எடுப்பாராம். அரிய வடிவமைப்பில் பாதி இந்த உட்காரலில்தான் நடக்கிறது. பொது அழைப்பில் அந்த அரைமணி நேரத்துக்கு இடமில்லை. இப்பொழுது செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் நொடிக்கொரு படம் வரைந்து தள்ளுகின்றன. பத்துப் பேர் சேர்ந்து ஆயிரம் வடிவங்களை அனுப்பிவிடலாம். அத்தர்க் கடைக்காரர் அவ்வாயிரத்தையும் பார்த்து முடிப்பதற்குள் அத்தர் ஆவியாகிவிடும்.

இவ்வளவும் நம்முள் ஓடிக்கொண்டிருந்த வேளையில்தான், இம்மலரின் முகப்புப் பற்றிய பேச்சு துறைக் கூட்டத்தில் எழுந்தது. மாணவர்க்குப் போட்டி அறிவித்துவிடலாம், வெல்பவருக்குச் சான்றிதழ், செலவும் இல்லை என்றார் ஒருவர். சான்றிதழ் நல்லதுதான், ஆனால் அச்சகத்தாருக்குச் சான்றிதழ் கொடுத்து மலரை அச்சிட முடியுமா என்று மற்றொருவர் கேட்டார். கூட்டத்தில் சிரிப்பெழுந்தது, ஆனால் கேள்வி அப்படியே நின்றது. சென்னை ஓவியர் ஒருவரிடம் கொடுத்துவிடலாம் என்ற கருத்தும் வந்தது. அப்படிச் செய்தால் நம் மாணவரின் கை எங்கே தெரியும் என்று மூத்த பேராசிரியர் தடுத்தார். பேச்சு இரண்டு கூட்டங்களுக்கு நீண்டது.

இறுதியில், ரூபாய்க் குறிக்கு அரசு வகுத்த முறையை நம் அளவுக்குச் சுருக்கிக்கொண்டோம். முதல் சுற்றில் எவரும் முழு ஓவியம் தரவேண்டா. அஞ்சலட்டை அளவில் பென்சிற் கோட்டுருவும், ஏன் இவ்வாறு வரைந்தேன் என்று பத்து வரிகளும் போதும். ஒரு மாலைப்பொழுதுக்கு மேல் அதில் எவர் நேரமும் செல்லாது. அவற்றுள் மூன்றைத் தெரிந்து, அம்மூவரை மட்டும் முழுமையாக வரையச் சொல்வது. மூவருக்கும் ஒத்த தொகை கொடுப்பது. முகப்பில் இடம்பெறுபவருக்கு மேலும் ஒரு தொகை. தெரிவு செய்யும் மூவரின் பெயர்களை அறிவிப்புப் பலகையில் முன்கூட்டியே ஒட்டினோம். தேறாத கோட்டுருக்கள் வரைந்தவருக்கே உரியன. அவற்றை வேறிடத்தில் பயன்படுத்த அவர்களுக்கு முழு உரிமை உண்டு என்றும் எழுதினோம். தொகைக்கு என்ன செய்வது என்று மலைத்திருந்தபோது, ஆட்சிக்குழுப் பெரியவர் ஒருவர் தம் பெயரை வெளியிடவேண்டா என்ற உறுதியோடு அதனை ஏற்றுக்கொண்டார்.

முப்பத்துநான்கு கோட்டுருக்கள் வந்தன. பலகை எழுதுபவரின் மகனும் அனுப்பியிருந்தார்; மூவருள் ஒருவராகத் தெரிவானார். அவர் ஓவியம் முகப்பாகவில்லை. முகப்பாக அமைந்திருப்பது முதலாமாண்டு மாணவி ஒருவரின் கைவண்ணம்; நடுவர் மூவரும் ஒருமுகமாக எடுத்த முடிவு அது. தொகையைப் பெற அலுவலகத்துக்கு வந்த நம் மாணவர், பற்றுச்சீட்டில் ‘எதன்பொருட்டு’ என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி, பரிசு என்று எழுதுவதா என்று கேட்டார். தோற்றவருக்குப் பரிசு ஏது, ஓவியக் கட்டணம் என்று எழுதுங்கள் தம்பி என்றார் கணக்கர். அவர் தந்தையாருக்கே உரிய சாய்ந்த எழுத்தில் அதை எழுதி ஒப்பமிட்டார்.

தெரிவு பெறாத முப்பத்தொரு கோட்டுருக்களும் தனித்தனி உறைகளில் பெயரெழுதித் துறை அலமாரியில் வைக்கப்பட்டுள்ளன. இதுவரை பத்தொன்பது பேர் வந்து பெற்றுச் சென்றனர். மற்றையோர் கோடை விடுமுறைக்கு முன் வந்து பெற்றுக்கொள்வாராக.